"எப்பவும் சிரிச்ச முகம்" என்று சொல்லாதீர்கள்

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வளர்ச்சியும் கற்றலும் மெதுவாகும் நிலை) உள்ள குழந்தையைப் பார்த்ததும் நம் ஆட்கள் சொல்வது இதுதான்: "இந்தப் பிள்ளைகளுக்குக் கவலையே தெரியாதுங்க, எப்பவும் சிரிச்ச முகம்." பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் என் அக்கா மகனைக் கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்த எனக்கு அதைக் கேட்டாலே மனசு கஷ்டமாகிவிடுகிறது. அவனுக்குக் கோபம் வரும், பொறாமை வரும், பயமும் வரும். சொல்ல வார்த்தை கிடைக்காமல் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிடுவான். பார்க்கிறவர்கள் அடம் என்பார்கள்.

சரி, அடுத்தவர் மனசு அவனுக்குப் புரிகிறதா? ஒருநாள் என் அம்மா அரிவாள்மனையில் விரலை வெட்டிக்கொண்டார். நாங்கள் துணி தேடிக்கொண்டிருக்க, அவன்தான் ஓடிவந்து விரலைப் பிடித்து ஊதினான். "ஆச்சி வலி... ஆச்சி வலி" என்று அன்று முழுக்க அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. அதே பிள்ளை, நாய் குரைத்து அவன் தங்கை சுவரோடு ஒட்டி நடுங்கியபோது அவளைப் பார்த்துச் சிரித்தான். பாப்பாவுக்கு என்ன என்று கேட்டால், "ஜாலி" என்றான்.

ஆய்வாளர்கள் கண்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். அமெரிக்காவில் கோனி கசாரியும் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், எதிரில் இருப்பவர் அடிபட்டதுபோல் நடித்தபோது, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக அவரைக் கவனித்தார்கள், ஆறுதலும் தந்தார்கள். ஆனால் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குச் சிரமம். அதிலும் பயந்த முகத்தை அடையாளம் காண்பதுதான் கடினமாக இருந்தது என்று 2005இல் ஸ்காட்லாந்தில் ஜெனிஃபர் விஷார்ட்டும் உடனிருந்தவர்களும் செய்த ஆய்வு காட்டியது.

எனக்கு இது சாதாரண விஷயமாகப் படவில்லை. அடுத்தவர் முகத்தில் பயமோ கோபமோ தெரிந்தால்தானே பிள்ளை விலகி நிற்கும்? "சந்தோஷப் பிள்ளை" என்று முத்திரை குத்திவிட்டால் அதை யாரும் சொல்லித்தரப் போவதில்லை. அவன் பயந்து நிற்பதும் நம் கண்ணில் படாது.

சொல்லித்தர முடியும். காதால் கேட்டு நினைவில் வைப்பதைவிடக் கண்ணால் பார்த்துக் கற்பது இவர்களில் பலருக்கு எளிது. அதனால் மஞ்சள் நிற ஸ்மைலி அட்டைகளை விட, வீட்டு ஆட்களின் முகங்களையே போனில் படம் எடுத்துக் காட்டுங்கள். அழும்போதும் திட்டும்போதும் அந்த இடத்திலேயே காரணத்தோடு சொல்லுங்கள்: "பாப்பா பயப்படுறா, நாய் குரைச்சுதுல்ல." இன்று சொன்னது நாளைக்கே வந்துவிடாது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அப்புறம், காதையும் கண்ணையும் தவறாமல் பரிசோதியுங்கள். இவர்களில் நிறையப் பேருக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு கேட்கும் திறன் குறையும், பார்வைக் குறையும் சகஜம். குரல் மாறுவது காதில் விழாத பிள்ளையிடம் "அம்மா கோபமா இருக்கேன், தெரியலையா?" என்று கத்தி என்ன பயன்?