1952 டாப்ஸ்: மேன்டிலின் அறிமுக அட்டை அன்று

அமெரிக்கப் பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அறிமுக அட்டை (ஒரு வீரருக்கு முதன்முதலில் வெளிவரும் அட்டை) இருப்பதால்தான், டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைத் தொகுப்பைச் சேகரிப்போர் திரட்டுகிறார்கள் என்று சிலர் சொல்வது சரியன்று. அவருடைய அறிமுக அட்டையை வெளியிட்டது போமன் நிறுவனம், 1951இல். 1952இல் வந்தது டாப்ஸ் அவருக்கு வெளியிட்ட முதல் அட்டை, அவ்வளவே. அந்தத் தொகுப்பின் 407 அட்டைகளையும் சேர்க்க முனைவோரைத் திணறடிப்பது 311 முதல் 407 வரையிலான கடைசி வரிசை முழுவதும்தான். பேஸ்பால் பருவம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்து, விற்காமல் தேங்கிய அந்தப் பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அந்தத் தொகுப்பை வடிவமைத்த டாப்ஸ் ஊழியர் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். சொல்லப்போனால், 311ஆம் எண்ணுடைய மேன்டில் அட்டை அந்த வரிசையில் மற்றவற்றைவிட இருமடங்கு அச்சான மூன்று அட்டைகளில் ஒன்று.

விலையை மட்டும் பார்த்தே தொகுப்பைத் தேர்வு செய்கிறார்கள் என்பதும் பொருந்தாது. டாப்ஸின் 1956ஆம் ஆண்டுத் தொகுப்பைப் பலர் விரும்புவதற்குக் காரணம், 340 அட்டைகளுக்குள் அது முடிந்துவிடுவதும், கிடைமட்ட அட்டையில் வீரரின் முகமும் ஆட்டக் காட்சியும் சேர்ந்து வரையப்பட்டிருக்கும் அழகும்தான். அதிலுள்ள பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: முன்னால் தொப்பி அணிந்த முகம், பின்னணியில் ஓட்டம் எடுக்கத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டை நோக்கி அவர் சறுக்கும் கணம். அவர் ஓய்வு பெறுமுன் வந்த கடைசி டாப்ஸ் அட்டை அது.