மேசைமேல் மேப்பிள் இலை

தீபாவளிக்கு இன்னும் ரெண்டு வாரம். மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் தினமும் சாயங்காலம் மழை கொட்டுகிறது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் இலையுதிர் காலம்!

எல்லாம் தங்கச்சி வேலை. 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31-இல் ஒன்றாக வந்தபோது பிடித்த பைத்தியம். ஆரஞ்சுத் துணி, பிளாஸ்டிக் மேப்பிள் இலை, நடுவில் பஞ்சு அடைத்த பூசணிக்காய். அமெரிக்காவில் நவம்பர் நாலாம் வியாழக்கிழமை நன்றி சொல்லும் பண்டிகைக்கு இப்படித்தான் வைப்பார்களாம். வைக்கட்டும். அங்கே குளிரில் மரம் நிஜமாகவே சிவக்கிறது. நம்ம பால்மரம், அதாவது ரப்பர் மரம், இலை கொட்டுவது பிப்ரவரி வாக்கில், வெயில் காய்கிறபோது. அதை யாரும் பொறுக்கிவந்து மேசையில் வைத்ததில்லை. அப்பா கூட்டித்தான் தள்ளுவார்.

சரி, அழகு என்றே இருக்கட்டும். முறுக்கு டின்னை எங்கே வைப்பது? நேற்று அச்சுமுறுக்கு எடுக்கப் போனால் அந்த இலையின் ஜிகினாத் தூள் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அம்மா பூசணிக்காயைத் தூக்கிப் பார்த்து, "இதுல சாம்பார் வைக்க முடியுமாடி?" என்றார்.

முறுக்கு டின் இப்போது ஃப்ரிட்ஜ் மேல். நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன்.