ஃபியோக்டிஸ்டோவ் ஓசியில் போனவர் இல்லை

பழைய சோவியத் விண்வெளிப் பயணங்களைப் பற்றி நேற்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் அந்த விவாதத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'விமானிகள் உயிரைப் பணயம் வைத்துப் பறந்தார்கள், கண்ணாடி போட்ட ஒரு இன்ஜினியர் செல்வாக்கில் ஓசிப் பயணம் போய்வந்தார்' என்று ஒருவர் எழுத, அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

அந்த இன்ஜினியர், கான்ஸ்டான்டின் ஃபியோக்டிஸ்டோவ், ஓசியில் போனவர் இல்லை. விண்வெளிக்கு முதலில் போன மனிதர் ககாரின் 1961-ல் போன வஸ்தோக் கலத்தின் முக்கிய வடிவமைப்பாளர்களில் ஒருவர் அவர். திரும்பி வரும் பகுதி உருண்டையாக இருக்கட்டும், எடையை ஒரு பக்கமாக வைத்தால் காற்று மண்டலத்தில் நுழையும்போது தானாகவே சரியான பக்கம் திரும்பிக்கொள்ளும் என்ற யோசனையில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ககாரின் உயிரோடு திரும்பியதில் அந்த உருண்டைக்குப் பங்கில்லையா?

சரி, அவரே பறந்த வஸ்கோத்-1 கலத்துக்கு வருவோம். 1964 அக்டோபர் 12. ஒருவருக்காகச் செய்த உருண்டைக்குள் மூன்று பேரை உட்காரவைக்க வேண்டும் என்றது மேலிடம். அமெரிக்கர்களின் இரண்டு பேர் போகும் ஜெமினி கலத்துக்கு முன்னால் மூன்று பேர் போயாக வேண்டும், அவ்வளவுதான் காரணம். இடம் போதவில்லை. விண்வெளி உடையை எடுத்தார்கள். ஆபத்தில் வெளியே தூக்கி எறியும் இருக்கையையும் எடுத்தார்கள். இருக்கைகளைத் திருப்பிப் போட்டதால், முன்பு நேர் எதிரே இருந்த கருவிப் பலகை பக்கவாட்டுக்குப் போய், கழுத்தைத் திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ராக்கெட் கிளம்பும்போது ஏதாவது ஆனால் தப்பிக்க வழியே கிடையாது. சாதாரணத் துணியோடு கமாண்டர் கொமரோவ், டாக்டர் யெகோரோவ், இவர், மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதை எதை எடுத்துவிட்டோம் என்று கணக்கோடு தெரிந்த மனிதர் இவர். தெரிந்தே ஏறினார். இதற்குப் பெயர் ஓசிப் பயணமா?

நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பிரஷர் வெசலுக்கு ஹைட்ரோ டெஸ்ட் நடந்தது, அதாவது தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றி அந்தக் கலன் தாங்குகிறதா என்று பார்ப்பது. அழுத்தம் ஏற ஏற எல்லோரும் பின்னால் நகர்ந்தோம். கேஜ் பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் அண்ணன் டிசைன் அதிகாரியைப் பார்த்து, "சார், நீங்க போட்ட டிராயிங்தானே, நீங்களே பக்கத்துல வந்து பாருங்களேன்" என்றார். அவர் பதில் சொல்லாமல் ஃபைலை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஃபியோக்டிஸ்டோவ் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அண்ணனின் முகம்தான் ஞாபகம் வரும். ஏனென்றால் இவர் பக்கத்தில் போய் நின்றவர். இல்லை, உள்ளேயே போய் உட்கார்ந்தவர்.

'அந்த ஆபத்தான கலத்தை உருவாக்கியதே அவர்தானே' என்பீர்கள். ஆமாம். வடிவமைப்பாளர்களில் ஒருவருக்கு இருக்கை உண்டு என்று தலைமை வடிவமைப்பாளர் கொரலியோவ் சொன்னது அவரை இழுத்தது என்பதும் உண்மை. உடை இல்லாமல் பறக்கும் பழக்கம் தொடர்ந்து, 1971-ல் சோயுஸ்-11 விண்கலத்தின் வீரர்கள் மூவர் காற்று கசிந்து இறந்தது என் மனதிலும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்தை அடுத்தவன் தலையில் மட்டும் கட்டாமல் முதலில் தானே ஏறினாரே, அதை ஏன் ஒருவரும் எழுதவில்லை?

'ஒரே ஒரு நாள்தானே பறந்தார்' என்று இன்னொருவர். இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டுமா? பூமியைச் சுற்றி வந்தது 16 முறை. அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் சோயுஸ் கலங்கள், சல்யூத், மிர் விண்வெளி நிலையங்கள் என்று வேலை.

உடல் தகுதி இல்லாதவராம். விண்வெளி வீரர்களின் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த விமானப் படை அதிகாரி கமானினும் அதைச் சொல்லித்தான் எதிர்த்தார். கண் பார்வை குறைவு, வயிற்றில் அல்சர், போதாததற்குக் கட்சி உறுப்பினரும் இல்லை. அந்த உடம்பு எதைத் தாங்கியது என்று தெரியுமா உங்களுக்கு? 1942-ல், இரண்டாம் உலகப் போரின்போது, ரஷ்யாவின் வரோனெஷ் நகரில், பதினாறு வயதில், செஞ்சேனைக்கு உளவு பார்க்கப் போன பையனை ஜெர்மானியர்கள் பிடித்துக் குழிக்கு முன் நிறுத்திச் சுட்டார்கள். குண்டு தாடைக்குக் கீழே நுழைந்து கழுத்து வழியாக வெளியே போனது. செத்தவன்போலக் கிடந்து, பிறகு ஊர்ந்து தப்பி வந்தான். அந்தப் பையன்தான் பிறகு மாஸ்கோவின் பாவ்மன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, விண்கலம் வரைந்தான். அவனுக்கா தைரியச் சான்றிதழ் கேட்கிறீர்கள்?

விமானிகளைக் குறைத்துப் பேசவில்லை. கொமரோவ் 1967-ல் எப்படி இறந்தார் என்று படித்து அழுதவன் நான். ஆனால் ஓட்டியவருக்கு மாலை, செய்தவருக்கு ஏச்சு என்பதை எத்தனை காலம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? தொழிற்சாலையில் பார்த்தாயிற்று, திறப்பு விழாக்களில் பார்த்தாயிற்று. இப்போது 2009-ல் இறந்துபோன மனிதரையும் விடமாட்டேன் என்கிறார்கள்.

1980-ல், 54 வயதில், சோயுஸ் டி-3 கலத்தில் மறுபடி பறக்கப் பயிற்சி எடுத்தார். கடைசி நேரத்தில் டாக்டர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு முறை போய்வந்த பெருமை போதும் என்று நினைக்கிறவர் அந்த வயதில் மறுபடி வரிசையில் நிற்பாரா? இதற்குப் பதில் இருந்தால் மட்டும் கீழே எழுதுங்கள். லைக் எண்ணிக்கையைக் காட்டி என்னிடம் வாதாட வராதீர்கள்.