மதுரையில் எங்கே என்று கேட்காதீர்கள், எப்போது என்று கேளுங்கள்

"மதுரைல எங்க சாப்பிடலாம், என்ன பார்க்கலாம்?" வெளியூர்க்காரர்கள் மட்டுமல்ல, அண்ணா நகரிலும் கே.கே. நகரிலும் வருஷக்கணக்காகக் குடியிருப்பவர்களே கேட்கிறார்கள். பதிலுக்குப் பத்துக் கடைப் பெயரும் ஐந்து இடமும் கிடைக்கும். பட்டியலில் பெரிய தப்பு இருக்காது. நேரம்தான் இருக்காது. நேரம் எழுதாத பட்டியல் இந்த ஊருக்கு உதவாது என்பது என் திடமான கருத்து.

கறிதோசையை எடுத்துக்கொள்ளுங்கள். சிம்மக்கல் பக்கம் அது ராத்திரிப் பலகாரம். அடியில் ஊத்தப்பத் தடிமனுக்கு மாவு, மேல்மாவு காய்வதற்குள் அடித்த முட்டை, முட்டை இறுகுவதற்குள் மசாலாவில் வதங்கிய கொத்துக்கறி. சுற்றி எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு அழுத்த வேண்டும். கறி முன்னமே வெந்து, தண்ணீர் சுண்டி இருக்க வேண்டும். குழம்போடு அள்ளிப் போட்டால் முட்டை பிடிக்காது. திருப்பும்போது கறி கல்லில் சிதறும், தோசை சொதசொதவென்று ஆகிவிடும். தீயும் நிதானமாக இருக்க வேண்டும். எரிய விட்டால் அடி கருகும், நடுமாவு பச்சையாக நிற்கும். ஒன்பது மணிக் கூட்டத்தில் எந்த மாஸ்டராலும் அந்த நிதானத்தைக் காப்பாற்ற முடியாது. ஏழு மணிக்கே போய் உட்காருங்கள். இரண்டு பேருக்கு ஒரு கறிதோசை போதும். பசி மிச்சம் இருந்தால் அப்புறம் சாதா தோசை.

அதைச் சாப்பிட்ட கையோடு ஜிகர்தண்டா குடிக்க விளக்குத்தூணுக்கு ஓடுவதுதான் எல்லாரும் செய்வது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே பாசுந்தி ஐஸ்கிரீம் என்று அதுவே ஒரு வேளை ஆகாரம். நாலு, ஐந்து மணி வெயிலில், வயிறு காலியாக இருக்கும்போது குடித்தால்தான் பாலின் ருசி நாக்குக்குத் தெரியும். சிறுதீயில் நேரமெடுத்துச் சுண்டிய பால் தானாகவே இளம்பழுப்பு நிறத்துக்கு வரும். வெள்ளையாக, தண்ணியாக இருந்தால் அந்தக் குறையைச் சர்பத்தின் இனிப்பு மறைக்கிறது என்று அர்த்தம். பிசின் ராத்திரி முழுக்க ஊற வேண்டும். ஒரு டீஸ்பூன் போட்டால் டம்ளர் நிறையப் பொங்கி வரும். அவசரத்தில் ஊறவைத்தது பல்லில் நறநறக்கும். வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

பருத்திப்பாலுக்கு விடியற்காலை, இல்லையென்றால் பொழுது சாயும் நேரம். கருப்பட்டியும் சுக்கும் சூட்டில்தான் மணக்கும். ஆறினால் மாவு ருசி முன்னால் வந்துவிடும்.

இடங்களுக்கும் இதே கணக்குதான். மீனாட்சியம்மன் கோயில் நடை மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு காத்து நிற்பது பெரும்பாடு. கம்பத்தடி மண்டபத்துத் திருக்கல்யாணச் சிற்பத்தையும், வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடும் நடராசரையும் நிதானமாக நின்று பார்க்க வேண்டுமென்றால் காலையில் சீக்கிரம் போங்கள். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பது இதற்கு நல்லதுதான்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் காலைதான். செட்டிப்புடவு குகையில் பெரிய தீர்த்தங்கரர் சிற்பத்தை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதிகம். குகைக்குள் குனிந்து போய் அண்ணாந்து பாருங்கள்: சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேலிருப்பவனை எதிர்க்கும் இயக்கி, அதாவது சமணப் பெண் தெய்வம், இருக்கிறாள். மலை ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களும் பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் கல்வெட்டும் உண்டு. சாய்ந்த வெயிலில்தான் புடைப்பின் விளிம்பும் எழுத்தின் பள்ளமும் கண்ணுக்குப் பிரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பாறையாகத் தெரியும், பாறையும் சுடும். தண்ணீர் கையில் இருக்கட்டும். எழுத்தின் மேல் சுண்ணாம்போ மாவோ தடவிப் படம் எடுக்காதீர்கள், கல்வெட்டு பாழாகும்.

இந்த ஊரில் நேரம் தெரியாததால் அதிகம் தவறிப்போவது ஸ்பெஷல் நாடகம், அதாவது திருவிழாவில் விடிய விடிய நடக்கும் இசை நாடகம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில்தான் சிறுவர்கள் நடிக்கும் தமது பாய்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய வள்ளி திருமணம் இன்றைக்கும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமத் திருவிழாக்களில் ராத்திரி முழுக்க நடக்கிறது. பங்குனி, சித்திரை, வைகாசியில் நோட்டீஸ்களைக் கவனியுங்கள். டிக்கெட் கிடையாது.

பத்து மணிக்குப் போய்ப் பன்னிரண்டுக்குக் கிளம்பி வந்துவிட்டு, "வெறும் டான்ஸும் டபுள் மீனிங்கும்தான்" என்று சொல்கிறவர்கள் நிறைய. அவர்கள் பார்த்தது கோமாளியான பபூனும், அவரோடு ஆடும் டான்ஸ் காமிக்கும். கதையே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நள்ளிரவு தாண்டித் தினைப்புனத்தில் வள்ளி கிளி விரட்டும் ஆலோலம் பாட, நாரதர் வந்து வாதம் தொடுப்பார். பின்னால் வேடனாக முருகன் வருவான். இந்தத் தர்க்கம்தான் நாடகத்தின் உயிர். நடிப்பவர்கள் ஒரே குழு அல்ல. நாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர். ஒவ்வொருவரையும் விழாக் கமிட்டி தனித்தனியாக ஒப்பந்தம் செய்திருக்கும். ஒத்திகை கிடையாது. பாட்டு எல்லாருக்கும் பாடம், மற்றதெல்லாம் அந்த மேடையிலேயே பிறப்பது. எதிராளி எந்தக் கேள்வியைப் போடுவார் என்பது வள்ளிக்கே தெரியாது. ஆர்மோனியக்காரர் பாடுபவரின் கட்டைக்கு, அதாவது சுருதிக்கு, தகுந்தபடி மாற்றிப் பிடித்து, பின்பாட்டும் பாடுவார். அவர் கையைக் கவனியுங்கள். இவ்வளவு வித்தை தெரிந்த கலைஞர்கள் நம் ஊருக்குப் பக்கத்தில் விடிய விடிய ஆடும்போது, ஏ.சி. அரங்கில் நடந்தால்தான் கலை என்று நாம் இருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

போகிறவர்கள் மதியம் ஒரு தூக்கம் போட்டுவிடுங்கள். பதினொன்றரைக்குப் போனால் காமிக்கின் கடைசிப் பகுதியோடு கதையைத் தொடக்கத்திலிருந்து பிடிக்கலாம். விரிக்க ஒரு சமுக்காளம் வேண்டும். ஸ்பீக்கருக்கு நேராக உட்காராமல், ஆர்மோனியமும் மிருதங்கமும் தெரிகிற பக்கமாக இடம் பிடியுங்கள். ராத்திரியில் பஸ் கிடைக்காது, வண்டியில் போவது நல்லது. பாட்டுப் பிடித்து அன்பளிப்புக் கொடுக்க நினைத்தால் ஐம்பது, நூறாக நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரே மேடை ஏறாமல் கமிட்டிக்காரர் கையில் கொடுத்தால் மைக்கில் பெயர் சொல்லிக் கலைஞரிடம் சேர்ப்பார்கள்.