கிதாருக்கு எதிராக ஊர்வலம் போனவர்

கலைஞன் என்றால் ஒரே கொள்கையில் நிற்க வேண்டும், அரசியல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று பேசுகிறவர்களிடம் நான் வழக்கமாக எடுத்து நீட்டும் பெயர் ஜில்பெர்டோ ஜில். பிரேசில்காரர். பாட்டு எழுதுவார், பாடுவார், கிதார் வாசிப்பார். ஐந்து வருஷத்துக்கும் மேல் அந்த நாட்டின் கலாச்சார அமைச்சராகவும் இருந்தவர்.

1967 ஜூலையில் சாவ் பாவ்லோவில் ஓர் ஊர்வலம் நடந்தது. எதை எதிர்த்து என்றால், எலெக்ட்ரிக் கிதாரை! வெளிநாட்டு ராக் சத்தம் பிரேசில் இசையைக் கெடுக்கிறது என்பது அவர்கள் வாதம். முன்வரிசையில் பாடகி எலிஸ் ரெஜினா, கூடவே நம்மாள் ஜில். ஜில்லின் உயிர் நண்பரும் பாடகருமான கயெட்டானோ வெலோசோ அதில் சேரவில்லை.

சரி, அப்புறம் என்ன ஆனது? அதே வருஷம் அக்டோபரில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி மேடையில் ஜில் ஏறினார். பக்கத்தில் ஓஸ் முட்டான்டெஸ் என்ற இளவட்ட ராக் குழு, அவர்கள் கையில் எலெக்ட்ரிக் கிதார். இன்னொரு பக்கம் கப்போயிரா என்ற சண்டைக்கலை ஆட்டத்துக்கு வாசிக்கும் பெரிம்பாவ். வில் மாதிரி வளைந்த கம்பு, ஒரே ஒரு கம்பி, அடியில் சுரைக்குடுக்கை. இரண்டுக்கும் நடுவே ரொஜேரியோ டுப்ராட் எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா. பாட்டின் கதை சாதாரணமானது: ஞாயிற்றுக்கிழமை பூங்கா, ராட்டினத்தில் தன் காதலி நண்பனோடு சுற்றுவதைப் பார்த்துவிடும் ஒருவன், கடைசியில் கத்தி. ராட்டினம் சுற்றச் சுற்ற இசையும் வேகம் பிடிக்கும். இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. ஆனால் உள்ளூர் இசையையும் வெளிநாட்டு ராக்கையும் கலந்த டிரோப்பிகாலியா என்ற இயக்கத்தின் வாசல் அங்கேதான் திறந்தது.

இதை அந்தர் பல்டி என்று சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். காது திறந்திருக்கிற ஆளுக்கு இப்படித்தான் நடக்கும். பாஹியா மாநிலத்தின் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த பையன் முதலில் கற்றது அக்கார்டியன், காரணம் அக்கார்டியன் வாசித்துப் பாடும் லூயிஸ் கொன்ஸாகா மேல் பைத்தியம். ரேடியோவில் போஸா நோவா பாடகர் ஜோவாவ் ஜில்பெர்டோவின் கிதாரைக் கேட்ட பிறகு கிதாருக்கு மாறினார். நிர்வாகவியல் படித்து லீவர் கம்பெனியில் வேலையும் பார்த்தார். ஆமாம், நம் ஊரில் சோப்பு விற்கிற அதே லீவர்தான்.

அப்போது பிரேசிலில் இருந்த ராணுவ ஆட்சிக்கு இந்தக் கலவை பிடிக்கவில்லை. 1968 டிசம்பரில் ஜில்லையும் கயெட்டானோவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். முறையான குற்றச்சாட்டு எதுவும் கிடையாது. ஏறக்குறைய இரண்டு மாதம் சிறை, பிறகு பாஹியாவின் தலைநகர் சால்வடாரை விட்டு நகரக் கூடாது என்ற காவல், 1969இல் லண்டனுக்கு நாடு கடத்தல். வேடிக்கை என்னவென்றால், கிளம்புவதற்கு முன் அவர் எழுதிய பாட்டு ரியோ நகரத்துக்கு அனுப்பும் உற்சாகமான அணைப்பு. அதில் புலம்பல் துளியும் இல்லை. லண்டனில் ஜமைக்காவின் ரெக்கே இசையைக் கேட்டு அதையும் உள்ளே வாங்கிக்கொண்டு 1972இல் திரும்பினார்.

திரும்பியவர் செய்த ஒரு காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சால்வடார் துறைமுகத் தொழிலாளிகள் 1949இல், காந்தி சுடப்பட்டதற்கு அடுத்த வருஷம், கார்னிவல் தெருத் திருவிழாவுக்காக 'காந்தியின் பிள்ளைகள்' என்று ஒரு குழு தொடங்கினார்கள். வெள்ளை உடை, தலைப்பாகை, நீலமும் வெள்ளையுமாக மணிமாலை. தாளமோ ஆப்பிரிக்க வழிபாட்டிலிருந்து வந்த இஜெஷா. எழுபதுகளில் அது தேய்ந்துபோய்க் கிடந்தது. ஜில் போய்ச் சேர்ந்தார், அவர்களுக்காகப் பாட்டு எழுதினார், தலைப்பாகை கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். குழு மறுபடி எழுந்து நின்றது.

2003இல் அதிபர் லூலா கூப்பிட்டபோது அமைச்சரானதையும் இந்தத் தொடர்ச்சியாகத்தான் பார்க்கிறேன். அவர் காலத்தில் வந்த 'பொன்டோஸ் தி குல்த்துரா' திட்டம் புதிதாக மாளிகை கட்டவில்லை. சேரிகளிலும் கிராமங்களிலும் ஏற்கெனவே ஆடிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்த குழுக்களைத் தேடிப் பணமும் கருவிகளும் கொடுத்தது. காந்தியின் பிள்ளைகளுக்குத் தனி ஆளாகச் செய்ததை அரசாங்கமாகச் செய்தார், அவ்வளவுதான். பதவியில் இருந்துகொண்டே கச்சேரி செய்தது மட்டும் எனக்கு உறுத்தல். அமைச்சர் பாடுகிறார் என்றால் டிக்கெட் வாங்குகிறவன் பாட்டுக்காக மட்டும் வாங்குவானா? ஆனாலும் 2003இல் ஐ.நா. சபை அரங்கில் அவர் கிதார் வாசிக்க, பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் மேடையேறித் தாளம் தட்டிய காட்சியைப் பார்த்தால் அந்த உறுத்தல் கொஞ்ச நேரம் ஓடிவிடுகிறது.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 1975இல் இன்னொரு பிரேசில் பாடகரான ஜோர்ஜ் பென்னோடு ஜில் சேர்ந்து போட்ட ஆல்பத்தில் தொடங்குங்கள். இரண்டு கிதார்களும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே போகும். அந்தக் காந்திப் பாட்டும் அதில் இருக்கிறது, பத்து நிமிடத்துக்கும் மேல் ஓடும். பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் கருத்துச் சொல்ல வராதீர்கள்.