மாதத்துக்கு எத்தனை ரோல் கழுவுவீர்கள்?

புதிதாக ஃபிலிம் கேமரா பக்கம் வந்திருக்கும் தம்பி ஒருவர் சில வாரங்களுக்கு முன் உள்பெட்டியில் கேட்டார்: “அண்ணா, ஹெச்பி5 நாலு ரோல் வாங்கியிருக்கேன். நானே கழுவலாம்னு பாக்குறேன். எந்த டெவலப்பர் நல்லது?”

ஹெச்பி5 என்பது இல்ஃபோர்டின் 400 வேகக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம். டெவலப்பர் என்பது அதில் மறைந்திருக்கும் படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனக் கரைசல். “மாசத்துக்கு எத்தனை ரோல் கழுவுவீங்க?” என்று திருப்பிக் கேட்டேன். நான் மழுப்புகிறேன் என்று நினைத்துவிட்டார் போல. “அது இல்லண்ணா. கிரெய்ன் எதுல கம்மி, ஷார்ப்னஸ் எதுல ஜாஸ்தி, அதச் சொல்லுங்க” என்றார்.

மழுப்பவில்லை தம்பி. டெவலப்பரை முதலில் அதன் ஆயுளை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கிரெய்ன் (படத்தில் தெரியும் வெள்ளித் துகள்), டோன் (கறுப்பு-வெள்ளைச் சாயல்கள்), ஷார்ப்னஸ் எல்லாம் அப்புறம். இந்தக் கட்சியில் நான் சேர்ந்த கதை கொஞ்சம் வருத்தமானது.

வைட்டமின் சி வகை டெவலப்பர் ஒன்றைப் பொடியாக வாங்கி, ஐந்து லிட்டர் கரைத்து வைத்திருந்தேன். மெல்லிய கிரெய்ன், நல்ல ஷார்ப்னஸ், முழு வேகம் (ஃபிலிமின் ஒளியுணர்வு குறையாது) என்று எல்லாரும் புகழ்ந்த வகை. அந்தப் புகழில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நான் கழுவியதோ எப்போதாவது ஒரு ரோல். எட்டு மாதம் கழித்து, பாதி காலியான கடைசி பாட்டிலை எடுத்து, ஒரு பயணத்தில் எடுத்த மூன்று ரோல்களை ஒரே டேங்கில் போட்டேன். கரைசல் தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுக்கும் ஃபிக்ஸர் முடிந்து ரீலைத் திறந்தால், மூன்றும் கண்ணாடி. ஒரு ஃபிரேம் இல்லை. ஓரத்தில் இருக்க வேண்டிய எண்களும் எழுத்துகளும்கூட இல்லை.

அந்த ஓர எண்கள் விஷயத்தைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டு வருபவை. படம் இல்லாமல் எண்கள் மட்டும் கறுப்பாக இருந்தால் கோளாறு கேமராவில்: ஃபிலிம் ஓடியிருக்காது, அல்லது ஷட்டர் திறந்திருக்காது. எண்களும் சேர்ந்து காணாமல் போனால் டெவலப்பர் செத்துவிட்டது, அல்லது அவசரத்தில் ஃபிக்ஸரை முதலில் ஊற்றிவிட்டீர்கள். எனக்கு நடந்தது டெவலப்பர் செத்தது. தப்பு முழுக்க என்னுடையது.

டெவலப்பரின் வேலையே, ஒளி பட்ட வெள்ளி உப்புக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதை உலோக வெள்ளியாக்குவதுதான். கொடுக்கும் குணம் உள்ள பொருள் காற்றுக்கும் கொடுத்துவிடும். பாட்டில் பாதி காலி என்றால் மீதிப் பாதி ஆக்சிஜன் கலந்த காற்று. மெட்டால், ஹைட்ரோகுவினோன் என்ற ரசாயனங்களால் ஆன டெவலப்பர்கள் கெடும்போது பழுப்பாகிக் கொஞ்சமாவது எச்சரிக்கும். அஸ்கார்பேட் வகை, அதாவது வைட்டமின் சி வகை, நிறம் மாறாமலே செத்துப் போகும். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: ரோலின் முனையில் வெட்டியெறியும் நாக்குத் துண்டை, அறை வெளிச்சத்திலேயே டெவலப்பரில் போட்டுப் பார்ப்பேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் கறுத்தால் உயிர் இருக்கிறது. கறுக்காவிட்டால் ரோல் டேங்குக்குள் போகாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாரத்துக்கு இரண்டு மூன்று ரோல் கழுவுகிறீர்கள் என்றால் அதிகம் யோசிக்கவே வேண்டாம். கோடாக்கின் டி-76, அல்லது அதன் இரட்டைப் பிறவியான இல்ஃபோர்டின் ஐடி-11. 1920களில் சினிமா ஃபிலிமுக்காக வந்த சூத்திரம். இன்றைக்கும் புதிய ஃபிலிமையோ டெவலப்பரையோ சோதிப்பவர்கள் இதோடு வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். அதில் ரகசியமும் இல்லை. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். தராசு இருந்தால் நாமே கலக்கலாம். ஒரே எச்சரிக்கை, சல்ஃபைட் நிறைந்த நீரில் மெட்டால் கரையாமல் அடம்பிடிக்கும். அதனால் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அடுத்து மெட்டால், அதன் பிறகுதான் மீதி.

அந்த 100 கிராம் சல்ஃபைட்டில்தான் சுவாரசியமே இருக்கிறது. அது டெவலப்பரை ஆக்சிஜனிடமிருந்து காப்பாற்றுகிறது. கூடவே வெள்ளித் துகள்களின் விளிம்பையும் லேசாகக் கரைத்துவிடுகிறது. அதனால் ஸ்டாக்கை, அதாவது நீர் சேர்க்காத மூலக் கரைசலை, அப்படியே ஊற்றினால் கிரெய்ன் மெத்தென்று வரும், விளிம்புகள் கொஞ்சம் மழுங்கும். ஒன்றுக்கு ஒன்று நீர் சேர்த்தால் சல்ஃபைட் பாதியாகி, கிரெய்ன் சற்றுத் தெரிந்து, ஷார்ப்னஸ் ஏறும். ஆக ஒரே பாட்டிலுக்குள் இரண்டு டெவலப்பர் இருக்கிறது. இதை விட்டுவிட்டு நாலு பிராண்ட் வாங்கி அடுக்குவானேன்?

நீர் சேர்ப்பதில் இன்னொரு லாபம் நேரம். ஹெச்பி5 பிளஸை ஐடி-11 ஸ்டாக்கில் 20 டிகிரியில் கழுவ ஏழரை நிமிடம். ஒன்றுக்கு ஒன்று என்றால் 13 நிமிடம். குழாயில் வருவதே 26, 28 டிகிரி என்றால் ஸ்டாக் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே சுருங்கிவிடும். ஐந்துக்குக் கீழே போனால் ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் நொடிகளே படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியத் தொடங்கும். வெயில் ஊர்க்காரர்களும் குளிர் ஊர்க்காரர்களும் ஒரே பாட்டிலை ஒரே மாதிரி பாராட்டவோ திட்டவோ முடியாது. “எது நல்லது” என்று கேட்பவரிடம் யாரும் தண்ணீரின் சூட்டைக் கேட்பதே இல்லை.

ஆனால் ஸ்டாக் கரைசலின் ஆயுள் நிரம்பிய, மூடிய பாட்டிலில் ஏறக்குறைய ஆறு மாதம். பாதி பாட்டிலில் ஒன்றிரண்டு மாதம். பொடிப் பொட்டலத்தைப் பாதி மட்டும் கரைக்கவும் கூடாது. உள்ளே பொடிகள் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கரைத்தால் முழுசாகக் கரைத்து, சின்ன பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி வையுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு ரோல் கழுவும் ஆளா? அப்படியானால் ராடினால். 1891ல் ஆக்ஃபா காப்புரிமை பெற்றது. பாரா அமினோஃபீனால் அடர்கரைசல். பாட்டில் திறந்து வருடக்கணக்கில் கிடந்து, உள்ளே இருப்பது கட்டங்காப்பி நிறத்துக்கு வந்தாலும் வேலை செய்யும். ஒரு பாட்டிலை வாங்கினால் பேரனுக்கும் மிச்சம் இருக்கும் என்று கிண்டலடிப்பார்கள். தேவையானதை மட்டும் உறிஞ்சியெடுத்து, 1+25 அல்லது 1+50 (ஒரு பங்குக்கு 25 அல்லது 50 பங்கு நீர்) கலந்து, ஒருமுறை கழுவிக் கொட்டிவிட வேண்டியதுதான். எனக்குப் பிடித்ததும் இதுவே, ஒளிக்கவில்லை.

கிரெய்ன் தெரியும். ஆமாம், தெரியும். 35 மி.மீ. 400 வேக ஃபிலிமில் வானம் முழுக்க மணல் தெளித்த மாதிரி இருக்கும். 100 வேக ஃபிலிமிலோ அகலமான 120 ரோலிலோ அதே டெவலப்பர் அவ்வளவு உறுத்தாது. கிரெய்ன் வேண்டாம் என்பவர்கள் டெவலப்பரை மாற்றுவதற்கு முன் ஃபிலிமை மாற்றிப் பார்க்கலாம். வித்தியாசம் அதில்தான் பெரிது.

ராடினால் என்றதும் ‘ஸ்டாண்ட்’ முறையைச் சிலாகிக்க ஒரு கூட்டம் வந்துவிடும். 1+100 கலந்து, ஊற்றி, ஒரு மணி நேரம் அசைக்காமல் விட்டுவிடுவது. எந்த ஃபிலிமுக்கும் சரிவரும், தானாகவே எல்லாம் சமனாகும் என்பார்கள். சில நேரம் அருமையாகத்தான் வரும். சில நேரம் ஃபிலிமின் துளைகளிலிருந்து கோடுகள் இழுத்துக்கொண்டு வரும். அசைக்காத கரைசலில், படம் உருவாகும்போது வெளியாகித் தேங்கி இறங்கும் புரோமைடின் வேலை அது. எந்த வேகம், எந்தக் காலத்து ரோல் என்றே தெரியாத பழைய ரோல் கையில் கிடைத்தால் நானும் அப்படித்தான் செய்வேன். நேற்று எடுத்த ரோலுக்குச் செய்ய மாட்டேன். அப்புறம், எவ்வளவு நீர்த்தாலும் ரோலுக்கு 5 மி.லி. அடர்கரைசலாவது டேங்கில் இருக்க வேண்டும் என்பது பலர் சொல்லும் கணக்கு. 300 மி.லி. டேங்கில் 1+100 போட்டால் 3 மி.லி.தான் வரும்.

நடுவில் நிற்பது கோடாக்கின் ஹெச்சி-110 அடர்கரைசல். 1962லிருந்து இருக்கிறது. ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து அளக்கும் வகை. பல வருடம் கெடாத கெட்டிப் பாகு என்று பழைய ஆட்கள் சொல்வது பழைய சூத்திரத்தைப் பற்றி. சில வருடங்களுக்கு முன் கலவை மாறி, இப்போது வருவது பாகு மாதிரி இல்லை. பழைய புகழை நம்பிப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டாம்.

வேகம் கூட்டும் மைக்ரோஃபென், கிரெய்ன் குறைத்து வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும் பெர்செப்டால், சாயமேற்றும் பைரோ (விஷம், கையுறை கட்டாயம்), காப்பித்தூளும் சலவைச் சோடாவும் வைட்டமின் சி-யும் சேர்ந்த காஃபெனால் (நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல) எல்லாம் உண்டு. மெட்டால் பட்டுக் கை அரித்தால் ஃபெனிடோன் வகைக்கு மாறிக்கொள்ளலாம். விளையாடிப் பார்க்கத் தடையில்லை. ஆனால் 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்துவிட்டு, நிழலில் விவரம் வரவில்லையே, வேறு டெவலப்பர் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். நல்ல டெவலப்பர் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) அளவில் கைகொடுக்கலாம். அதற்கு மேல், சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஒருமுறை ஒரே ரோலை இருட்டுப் பையில் இரண்டாக வெட்டி, பாதியை டி-76ல் ஒன்றுக்கு ஒன்றாகவும், பாதியை ஹெச்சி-110லும் கழுவினேன். ஒரே சுவர், ஒரே வெளிச்சம். பிரிண்டுக்குப் பின்னால் பெயர் எழுதாமல் விட்டிருந்தால் நானே தடுமாறியிருப்பேன். அதே வாரம் இன்னொரு ரோலில், தொலைபேசி வந்ததால் டேங்கை அசைக்க மறந்தது தெளிவாகத் தெரிந்தது.

தம்பியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை, பயந்துவிடுவார். மாதத்துக்கு ஒரு ரோல்தான், சில மாதம் அதுவும் இல்லை என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். ராடினால், 1+50, 20 டிகிரி, 11 நிமிடம், நாலு ரோலும் இதே மாதிரி, எதையும் மாற்றாதீர்கள் என்றேன். “கிரெய்ன் வருமேண்ணா?” வரும் என்றேன்.

நேற்று இரவு, கிளிப்பில் ஈரத்தோடு தொங்கும் முதல் ரோலைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். பெரிதாக்கி, முதலில் ஓரத்தைத்தான் பார்த்தேன். எண்கள் நல்ல கறுப்பாக இருந்தன.