சொட்டுநீர் இருந்தால் கால் கிணறு தண்ணீரில் கரும்பு வருமா?

"சொட்டுநீர் போட்டால் கால் கிணறு தண்ணீரிலேயே கரும்பு எடுக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. வாய்க்காலில் கசிந்தும் மண்ணிலிருந்து ஆவியாகியும் போகிற தண்ணீரைத்தான் சொட்டுநீர் மிச்சப்படுத்தும். பயிர் குடிக்கிற அளவு பெரிதாகக் குறையாது. கரும்புக்கு மழையும் சேர்த்து 1,500 முதல் 2,500 மி.மீ. தண்ணீர் வேண்டும், நிலக்கடலைக்கு 500 முதல் 700 போதும், அதுவும் மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும்.

ஒரு ஏக்கர் முழுக்க 1 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் என்றால் சுமார் 4,000 லிட்டர். சித்திரையில் மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடியதும் கிணறு வற்றிக் காற்று இழுக்கிறது, வந்தது 20,000 லிட்டர் என்று வையுங்கள். ஒரு ஏக்கருக்கு 5 மி.மீ. வளர்ந்த கரும்புக்கு அன்றைய வெயிலுக்கே அது பற்றாது. குழாய்க்கு மானியம் உண்டு, சரி; ஊற்றுக்கு யார் தருவார்? அதே கிணற்றில் கம்போ எள்ளோ போட்டால் ஒரு ஏக்கர் தேறும்.